சித்தூர் கோர்ட்டா, பொள்ளாச்சி கோர்ட்டா? எல்லையோரத் தமிழர்களுக்கான சிவில் வழக்குக் கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் நான் வக்கீல் குமாஸ்தா. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வருகிற நம் ஆட்களுக்குப் பேச்சு தமிழ், நிலவரி கேரளாவுக்கு, சந்தையும் சம்பந்தமும் பொள்ளாச்சியில். வழக்கு என்று வந்தால் மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழிப்பார்கள். ஆந்திராவிலும் ஒரு சித்தூர் உண்டு, அங்கும் தமிழர்கள் நிறைய. நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூரை. ஆனால் 1908ஆம் வருடத்து சிவில் நடைமுறைச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால், பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும். கோர்ட் வராந்தாவில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் காகிதங்களை ஒரு வக்கீல் பார்க்காமல் இதை மட்டும் நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி என்றால் என்ன?

நிலம் யாருடையது, கடன் பாக்கி எவ்வளவு, பாகம் எப்படிப் பிரிப்பது, வழித்தடம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் முடிவு செய்யும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. சிவில் கோர்ட் யாரையும் குற்றவாளி என்று சொல்லாது, உரிமையைத் தீர்மானிக்கும். அடிதடி நடந்திருந்தால் அது தனி வழக்காக நடக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

எல்லா உரிமைத் தகராறும் சிவில் கோர்ட்டுக்கு வராது. கேரளாவில் 1965ஆம் வருட வாடகைச் சட்டம் அமலில் உள்ள இடத்தில், வாடகைக்காரரைக் காலி செய்யும் வழக்கு வாடகைக் கட்டுப்பாட்டுக் கோர்ட்டுக்குப் போகும். கணவன் மனைவி சொத்துத் தகராறு குடும்ப நீதிமன்றத்துக்கு, வாகன விபத்து நஷ்டஈடு அதற்கான தீர்ப்பாயத்துக்கு.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வருகிறது: "2024 ஜூலையில் சட்டமெல்லாம் மாறிவிட்டதாமே?" குற்றவியல் சட்டங்களும் சாட்சியச் சட்டமும் மாறின. சிவில் நடைமுறைச் சட்டம் பழையதேதான்.

எந்த ஊர் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

நம் பக்கத்து வழக்குகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

நிலம், வீடு, கிணறு பற்றிய வழக்கென்றால் சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான். நீங்கள் பொள்ளாச்சியில் குடியிருக்கலாம், எதிராளி கோயம்புத்தூரில் இருக்கலாம், பத்திரம் எழுதியவர் செத்தே போயிருக்கலாம். தோப்பு கொழிஞ்சாம்பாறையில் இருந்தால் வழக்கு சித்தூரில்.

பணம், ஒப்பந்தம் என்றால் இரண்டு வழி உண்டு. எதிராளி குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற இடம் ஒன்று. வழக்குக்குக் காரணமான சங்கதி முழுதாகவோ கொஞ்சமாகவோ நடந்த இடம் இன்னொன்று. பொள்ளாச்சி தேங்காய் மண்டியில் பணத்தை எண்ணிக் கொடுத்து, அங்கேயே புரோநோட்டு எழுதி, வாங்கியவர் வேலந்தாவளத்தில் கேரளப் பக்கம் இருக்கிறார் என்றால் பொள்ளாச்சியிலும் போடலாம், சித்தூரிலும் போடலாம். என்னைக் கேட்டால், ஜெயித்த பிறகு பணம் வசூலிக்க எங்கே போக வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்யச் சொல்வேன். எதிராளிக்குச் சொத்து இருக்கும் ஊரில் போட்டால் பின்னால் ஒரு நடை மிச்சம்.

ஊர் முடிவானால் அடுத்தது படி. விசாரிக்கத் தகுதியுள்ள கோர்ட்டுகளில் கீழ்ப்படியில் உள்ளதில்தான் தொடங்க வேண்டும். கேரளாவில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை முன்சீப் கோர்ட், அதற்கு மேல் சப் கோர்ட்.

தோப்பில் பாதி தமிழ்நாட்டில், பாதி கேரளாவில். இரண்டு வழக்கா?

வேண்டியதில்லை. ஒரே காரணத்தில் பிறந்த வழக்கென்றால், சொத்தின் ஒரு துண்டு எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருந்தாலும் முழுச் சொத்துக்கும் அங்கேயே போடலாம் என்கிறது 17ஆம் பிரிவு. மாநில எல்லை அதற்குத் தடையில்லை. தாத்தா விட்டுப்போன நிலம் கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் 2 ஏக்கர், அந்தப் பக்கம் 3 ஏக்கர் என்று கிடந்தாலும் பாக வழக்கு ஒன்றே போதும்.

அடுத்த 18ஆம் பிரிவை நம் ஊருக்காகவே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும். சொத்து எந்தக் கோர்ட்டின் எல்லையில் வருகிறது என்பதே நிச்சயமில்லை என்றால், அந்தக் கோர்ட்டுகளில் ஒன்று அந்தச் சந்தேகத்தைப் பதிவு செய்துவிட்டு வழக்கை நடத்தலாம்.

தெரியாமல் தப்பான கோர்ட்டில் போட்டுவிட்டேன்.

சரியான கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்லி பிராதைத் திருப்பிக் கொடுப்பார்கள். நல்லெண்ணத்தோடு, கவனமாக நடத்திய வழக்கென்றால் அங்கே வீணான நாட்களைக் காலவரையறைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எதிராளியாக இருக்கிறவர்களுக்கு ஒன்று: "இந்த ஊர் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். விசாரணை முடிந்து தோற்ற பிறகு சொன்னால் பொதுவாக எடுபடாது.

"அந்நியாயம் ஃபைல் செய்தாச்சு" என்கிறார் வக்கீல். பயமாக இருக்கிறதே?

பயப்படாதீர்கள். மலையாளத்தில் அந்நியாயம் என்றால் நாம் சொல்லும் பிராது, அதாவது வழக்குரை. இதற்குப் பிரதிவாதி போடும் பதிலுக்கு அங்கே பத்ரிகை என்று பெயர். கல்யாணப் பத்திரிகை அல்ல. தீர்ப்புக்கு விதி என்பார்கள், தலைவிதி அல்ல. பிரதி என்றால் பிரதிவாதி. கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரையும் அதே சொல்லால் அழைப்பார்கள் என்பதால், "என்னை ஒண்ணாம் பிரதி ஆக்கிட்டாங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் அழுதே விட்டார். சொத்துக் காகிதங்களிலும் இதே கதை. ஆதாரம் என்றால் அங்கே பத்திரம், முன்னாதாரம் என்றால் மூலப்பத்திரம், போக்குவரவு என்றால் பட்டா மாறுதல் போன்ற பெயர் மாற்றம், குடிக்கடம் என்றால் வில்லங்கச் சான்று. இந்த நாலைந்து சொல்லைத் தெரிந்துகொண்டாலே வில்லேஜ் ஆபீசில் பாதி நடை குறையும்.

எத்தனை வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

புரோநோட்டுக் கடன், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோருவது, உரிமை விளம்புகை (இந்த உரிமை என்னுடையது என்று கோர்ட் அறிவிக்கக் கேட்பது) எல்லாம் 3 வருடம். உரிமையாளர் என்ற முறையில் நிலத்தின் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்பது 12 வருடம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை வரும். கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிய நோட்டுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து அல்ல, நோட்டு எழுதிய நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடும்.

கெடு தாண்டியிருந்தால் எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் வழக்கைத் தள்ள வேண்டும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடுவது அப்பீலுக்கு உண்டு, புது வழக்குக்குக் கிடையாது. எவ்வளவு பெரிய நியாயம் கையில் இருந்தாலும் ஒரு நாள் பிந்தினால் போச்சு. கடைசி நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் மட்டும் திறக்கிற அன்று போடலாம்.

நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் நான் முதலில் திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்பேன். "12.3ல் ரூ. 5,000 வரவு" என்று எழுதி, கடன் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம். அந்த வரவு பழைய கெடு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். பல நோட்டுகளில் கடன் கொடுத்தவரே தன் கையால் வரவு எழுதி, தானே கையெழுத்தும் போட்டு வைத்திருப்பார். அதற்கு மதிப்பில்லை. அப்புறம் முன்பக்கம் ரெவென்யூ ஸ்டாம்ப். மற்ற பத்திரங்களுக்கு ஸ்டாம்ப் குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை அபராதம் கட்டினாலும் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள்.

அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட?

இரண்டு மாத முன் நோட்டீஸ் வேண்டும், 80ஆம் பிரிவு. அவசரமென்றால் கோர்ட்டின் அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமலும் போடலாம்.

கோர்ட் ஃபீஸ் எவ்வளவு?

இது மாநிலச் சட்டம், ஆகவே எல்லை தாண்டினால் கணக்கும் மாறும். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 2017லிருந்து 3 சதவீதம். கேரளாவில் தொகைக்கேற்றபடி படிப்படியாக விகிதம் மாறும். பணம் கட்ட வழியில்லாதவர் ஏழை வழக்காளி என்று மனுக் கொடுத்து, ஃபீஸ் கட்டாமலே வழக்கைத் தொடங்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. தாலுகா சட்டப் பணிக் குழுவில் கேளுங்கள். தோட்டவேலைக்குப் போகிற பெண்கள் வட்டிக்கு வாங்கி வக்கீல் ஃபீஸ் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சம்மன் வந்திருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

வாங்குங்கள். வாங்க மறுத்தால் கொடுத்ததாகவே கணக்கு. வீட்டில் நீங்கள் இல்லை, சீக்கிரம் திரும்புகிற மாதிரியும் இல்லை என்றால், குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம் அமீனா கொடுக்கலாம். வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. உங்களை எப்படியும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். வேறு மாநிலத்து கோர்ட் சம்மன் என்றால் உங்கள் ஊர் கோர்ட் வழியாக வரும். எங்கோ இருக்கிற கோர்ட் நம்மை என்ன செய்யும் என்று இருந்துவிடாதீர்கள்.

வேலந்தாவளம் பக்கமிருந்து ஒரு அம்மிணி வந்தார். ரேஷன் கார்டு உறையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ஏனுங்கண்ணா, மலையாளத்துல இருந்துச்சுங்க. கரண்டு ஆபீஸ் காயிதம்னு நெனச்சு காலண்டருக்குப் பின்னால சொருகி வெச்சிட்டனுங்க" என்றார். பிரித்துப் பார்த்தால் சம்மன். ஆஜராக வேண்டிய தேதி போய் ஏழு வாரம். கொழுந்தன் பாதை கேட்டுப் போட்ட வழக்கு, இவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கியிருந்தார்கள், அதாவது இவர் இல்லாமலே வழக்கை நடத்தலாம் என்று உத்தரவு. நல்லவேளை, டிக்ரி (தீர்ப்பின்படி கோர்ட் போடும் ஆணை) ஆகவில்லை. மலையாளம் தெரியாது என்பதை மட்டும் நம்பாமல், அந்த வாரம் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான சீட்டையும் சேர்த்து மனுப் போட்டோம். எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடுக்கச் சொல்லி, எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கினார்கள்.

படிக்கத் தெரியாத மொழியில் முத்திரையோடு ஒரு காகிதம் வந்தால், அன்றைக்கே பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளையிடம் காட்டுங்கள். அதில் மூன்று சங்கதி போதும்: கோர்ட்டின் பெயர், வழக்கு எண், தேதி.

டிக்ரியே ஆகிவிட்டால்?

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை நீக்கக் கோரி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாக வந்து சேரவே இல்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். சம்மன் கொடுத்ததில் சின்னக் குறை இருந்தது என்பது மட்டும் போதாது. தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது, வர அவகாசமும் இருந்தது என்று தெரிந்தால் கோர்ட் கேட்காது. வாதி வராமல் தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்கவும் அதே 30 நாள்.

பதில் மனுவுக்கு எத்தனை நாள்? அதில் என்ன எழுத வேண்டும்?

சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், காரணம் சொன்னால் 90 வரை. சாதாரண சிவில் வழக்கில் தகுந்த காரணமிருந்தால் அதற்கு மேலும் ஏற்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லியிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். "பிராதில் உள்ளதெல்லாம் பொய்" என்று ஒரே வரியில் எழுதினால் பலனில்லை. ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக மறுப்பு வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். எதிராளிதான் உங்களுக்குத் தர வேண்டும் என்றால் எதிர்க்கோரிக்கையும் அதிலேயே வைக்கலாம்.

நாளைக்கே வேலி போடப் போகிறார்கள். ஸ்டே கிடைக்குமா?

நீங்கள் கேட்பது தற்காலிகத் தடை உத்தரவு, இன்ஜங்ஷன். கோர்ட் மூன்றைப் பார்க்கும். மேலோட்டமாகப் பார்த்தால் உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறதா? தடை கொடுத்தால் யாருக்கு அதிகக் கஷ்டம், கொடுக்காவிட்டால் யாருக்கு? பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டமா? எதிராளியைக் கேட்காமலே கொடுப்பதென்றால் காரணத்தை எழுதித்தான் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கியவர் மனு, பிராது, ஆவணங்களின் நகலை எதிராளிக்கு உடனே அனுப்ப வேண்டும். அனுப்பியதாக அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் தூக்கத்தை விடுவது இங்கேதான். தடையை மீறினால் சொத்து ஜப்தி ஆகலாம், 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு.

மறுபக்கம் நீங்கள் என்றால், எதிராளி போய்த் தடை வாங்கிவிடுவார் என்ற சந்தேகம் வந்ததுமே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். எல்லையோரத்தில் இரண்டு மாநிலக் கோர்ட்டிலும் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

நிலத்தை யார் அளப்பார்கள்?

கேட்டால் கோர்ட் ஒரு கமிஷனரை நியமிக்கும், பெரும்பாலும் ஒரு வக்கீல். சர்வேயரோடு வந்து பார்த்து அறிக்கையும் பிளானும் தருவார். அவர் வரும் அன்று பேசிக்கொண்டே நிற்காமல் எல்லைக்கல், பழைய வரப்பு, வேலிமரம், கிணற்று மோட்டார் லைன் எல்லாவற்றையும் காட்டிக் குறிக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் இல்லாத கல்லைப் பிறகு கோர்ட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

எனக்கு மலையாளம் வராது. தமிழில் சாட்சி சொல்லலாமா? தமிழ்ப் பத்திரங்கள் செல்லுமா?

நீங்கள் தமிழில் சொல்லலாம், கோர்ட் தன் மொழியில் பதிவு செய்யும். முதல் விசாரணை, அதாவது உங்கள் தரப்பில் நீங்கள் சொல்லும் சாட்சியம், இப்போது பிரமாணப் பத்திரமாகவே போகிறது. அது ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் "இதில் எழுதியிருப்பது என்ன என்று தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

பத்திரம் எந்த மொழியில் இருந்தாலும் பத்திரம்தான், மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். 1956 நவம்பர் 1க்கு முந்தைய கதை இங்கே நுழையும். சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில். செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் திருவிதாங்கூரில். அதனால் இன்று தமிழ்நாட்டில் இருக்கும் நிலத்துக்கு மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு பழைய பத்திரம் இருப்பது சகஜம். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருடம் வரும். 12 வருடக் கெடு எண்ணுகிற வழக்கில் அந்த ஒரு வருட வித்தியாசமே தீர்ப்பை மாற்றிவிடும்.

எத்தனை வாய்தா?

விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருக்கிறது. நடைமுறை வேறு. உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த தேதியை ஈ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். கேரள வழக்கென்றால் அது கே.எல். என்று தொடங்கும், தமிழ்நாடென்றால் டி.என்.

நடுவில் சமாதானமாகப் போகலாமா?

எப்போது வேண்டுமானாலும். கோர்ட்டே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவு டிக்ரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அண்ணன் தம்பி பாக வழக்குகளில் இதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். நாலு தென்னைக்காகப் பதினைந்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

டிக்ரி கையில் இருக்கிறது, பணம் வரவில்லை.

டிக்ரி தானாக நடக்காது. நிறைவேற்று மனு போட வேண்டும், அதற்கு 12 வருடம் அவகாசம். சித்தூர் கோர்ட் தன் எல்லைக்கு வெளியே உள்ள ஆளையோ சொத்தையோ தொட முடியாது. கடன்காரரின் காம்ப்ளெக்ஸ் பொள்ளாச்சியில் இருந்தால் டிக்ரியை அங்கே மாற்றச் சொல்லி மனுப் போடுங்கள். டிக்ரி நகலும், இதுவரை வசூலாகவில்லை என்ற சான்றும் அந்தக் கோர்ட்டுக்குப் போகும். வழக்கு எங்கே போடுவது என்று மேலே சொன்னேனே, அந்த மிச்சமாகும் நடை இதுதான்.

எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவிகள், விவசாயியின் ஏர்க்கருவி, உழவு மாடு இவற்றுக்கு விலக்கு உண்டு. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

அப்பீலுக்கு எத்தனை நாள்?

மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90. சித்தூர் வழக்கு போய்ச் சேரும் உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில், பொள்ளாச்சி வழக்குக்குச் சென்னை. இரண்டாவது அப்பீலில் சட்டக் கேள்வி மட்டும்தான், "அவன் பொய் சொன்னான்" என்பதை அங்கே எடுக்க மாட்டார்கள். நகல் கிடைக்க கோர்ட் எடுத்துக்கொள்ளும் நாட்கள் கெடுவில் கழியும். ஆனால் நீங்கள் நகல் மனு போடாமல் கடத்திய நாட்கள் கழியாது. தீர்ப்பு வந்த அன்று, வெளியே டீ குடிக்கப் போகும் முன் நகல் மனுவைப் போட்டுவிட்டுப் போங்கள்.